பதிவேட்டில் மட்டும் இருக்கும் பெட்டி

கதிரியக்கக் கருவி காணோம் என்றதும் நம் புத்தி திருடனையும் கடத்தல்காரனையும் தேடி ஓடுகிறது. சினிமா செய்த வேலை. உண்மையில் அவற்றைத் தொலைப்பது பெரும்பாலும் மறதிதான். ஓடுகிற கருவியை ஒருவர் தினமும் பார்க்கிறார்; ஓய்ந்த கருவியைப் பதிவேடு மட்டும்தான் பார்க்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968-இல் வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி 1985-க்குப் பிறகு சும்மாவே கிடந்தது. அதைக் கையாண்ட பேராசிரியரும் ஓய்வு பெற்றார். 2010 பிப்ரவரியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு அதுவும் ஏலத்தில் போய், டெல்லி மாயாபுரியின் காயலான் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. பிரித்தவர்களுக்கு உள்ளே இருப்பது கோபால்ட்-60 என்று யார் சொல்வது? ஒரு தொழிலாளி இறந்தார், வேறு பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கொரு முறை பாதியாகத் தேய்வது. நாற்பதாண்டில் அதன் வீரியம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். அந்த மிச்சம்தான் உயிரைக் குடித்தது.

ஆஸ்திரேலியாவில் ஒருமுறை தொலைந்தது பயன்பாட்டில் இருந்த கருவியின் குப்பியாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 ஜனவரியில் குடாய்-டாரி இரும்புச் சுரங்கத்திலிருந்து பழுதுபார்க்க பெர்த்துக்கு அனுப்பிய அளவுமானியிலிருந்து, 8 மி.மீ. உயரமே உள்ள சீசியம்-137 குப்பி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. தூரம் 1,400 கி.மீ. அளவுமானி இருந்த பெட்டி 16-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது, திறந்தது 25-ஆம் தேதி. இடையில் ஒன்பது நாள், காகிதத்தின்படி குப்பி பத்திரமாக இருந்தது! பிப்ரவரி 1 அன்று நியூமன் நகருக்கு அருகே, சாலையோரத்திலிருந்து இரண்டு மீட்டரில் அகப்பட்டது. ஆக, ஓடும் கருவியும் கண்பார்வையிலிருந்து விலகிய தருணத்தில்தான் தொலைந்தது. அதே ஆண்டு மார்ச்சில் தாய்லாந்தின் பிராச்சின்புரி மின்நிலையத்தில் காணாமற்போன சீசியத்தின் தடயமோ, ஓர் உருக்காலையின் தூசியில் கிடைத்தது.

உரிமம், ஆய்வு, பாதுகாப்பு அலுவலர் என்று விதிகள் ஏற்கெனவே இருக்கின்றனவே, இன்னும் எதற்கு என்பார்கள். விதிகள் வேண்டாதவை அல்ல. ஆனால் அவை நம்பியிருப்பது ஒரு மனிதரின் நினைவை; சீசியம்-137 பாதியாகவே முப்பது ஆண்டு பிடிக்கும், அதற்குள் அந்த மனிதர் மாற்றலாகிப் போயிருப்பார். பிரான்சில் கதிர்மூலத்தைப் பத்தாண்டு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், விற்றவரும் அதை ஏற்க வேண்டும். மறப்பதற்கு நேரமே தராத ஏற்பாடு. செலவு கூடும் என்ற முணுமுணுப்பு எழும். ஒரு குப்பி உருக்காலைக்குள் போனால் ஆலையையே மூடிக் கழுவ வேண்டிய செலவை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் ஆலையின் மூலையில் கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம் ஒட்டிய பெட்டி கிடந்தால், தொடாமல், அதற்குப் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். யாரும் பெயர் சொல்லாவிட்டால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள்.