மழையில் கண் மூடும் கார்

கனமழையில் நெடுஞ்சாலையில் போகும்போது, புதிய கார்களின் டாஷ்போர்டில் சில நேரம் ஓர் அறிவிப்பு ஒளிரும்: 'முன்பக்க ரேடார் மறைக்கப்பட்டுள்ளது'. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அத்தோடு நின்றுபோகும். மோதப்போகும் தருணத்தில் தானாகவே பிரேக் போடும் வசதியும் சில வண்டிகளில் கூடவே ஓய்ந்துவிடும். வண்டி பழுதாகிவிட்டதென்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் சரியாகிவிடும். சில சமயம் மழை விட்டாலே போதும்.

ஓட்டுநருக்கு உதவும் இந்த ஏற்பாடுகளை மொத்தமாக 'அடாஸ்' என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் தானியங்கி அவசர பிரேக்கும், தடம் விலகாமல் காக்கும் வசதியும் கட்டாயம். இந்தியாவில் இது 2020-க்குப் பிறகு பரவத் தொடங்கியது. 2021-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700 இதைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. செங்கல்பட்டுக்கு அருகே உள்ள அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி அது.

பிரேக் போடுவதோ ஸ்டியரிங்கைத் திருப்புவதோ கணினியின் முடிவு. அந்த முடிவு சென்சார்கள் சொல்வதைப் பொறுத்தது. சென்சார்களில் பலவோ பம்பர், முன் கிரில், பின்கதவு என்று வண்டியிலேயே அதிகம் சேறு படியும் இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன.

யாருக்கு எது எதிரி?

எல்லா அழுக்கும் எல்லாச் சென்சாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை.

முதலில் ரேடார். பல கார்களில் இது முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரின் பிளாஸ்டிக்குக்குப் பின்னாலோ மறைந்திருக்கும். இது அனுப்பும் அலையின் அதிர்வெண் 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அலைநீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கையும் உலர்ந்த தூசியையும் இந்த அலை எளிதில் கடந்துவிடும். நீரிடம்தான் மாட்டிக்கொள்ளும். நீர் மூலக்கூறுகள் இந்த அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுகின்றன; மீதியில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய நீர்ப்படலம் ரேடாரின் பார்வைத் தொலைவை வெகுவாகக் குறைக்கப் போதும், ஏனென்றால் அலை போகும்போது ஒருமுறை, எதிரொலித்துத் திரும்பும்போது மறுமுறை என அதை இருமுறை கடக்க வேண்டும்.

இதனால்தான் கடுங்குளிரில் விழும் உலர்ந்த பனித்தூளைவிட, உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் பாதி உருகிக் குழைந்த பனி ரேடாருக்கு அதிகத் தொல்லை தருகிறது. காய்ந்த தூசியைவிட ஈரச் சேறு மோசமாவதும் இதே காரணத்தால்தான்.

கேமராவின் சிக்கல் வேறு. முன்பக்கக் கேமரா ரியர்வியூ கண்ணாடிக்கு அருகே, முன்கண்ணாடியின் உட்புறத்தில், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் இருக்கும். அதன் குவியம் தொலைவில் உள்ள சாலைக்காக அமைந்தது. லென்ஸுக்கு முன்னால் சில சென்டிமீட்டரில் நிற்கும் நீர்த்துளி அதற்குத் துளியாகத் தெரிவதில்லை. காட்சியின் ஒரு பகுதியே கலங்கிப்போகிறது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர் தூறலில் நடக்கும்போது படும் பாடுதான் இது. கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தாலும் இதே கதி. அங்கே வைப்பர் எட்டாது.

பின்பக்கக் கேமராவுக்கு அந்த வைப்பரும் கிடையாது. வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. சக்கரங்கள் தெறிக்கவிடும் சேற்றுநீரை அந்தச் சுழல் இழுத்துப் பின்கதவில் அப்புகிறது. பின்புறம் செங்குத்தாக வெட்டியது போன்ற எஸ்யூவிகளிலும் ஹேட்ச்பேக்குகளிலும் பின்கண்ணாடிக்கு வைப்பர் இருப்பதற்குக் காரணம் இதுதான். கேமராவோ அந்தக் கண்ணாடிக்கும் கீழே, நம்பர் பிளேட் பக்கத்தில் கிடக்கிறது.

பம்பரில் வட்டப் பொட்டுகளாகத் தெரிபவை பார்க்கிங் உதவிக்கான மீயொலி சென்சார்கள். ஒரு சிறு சவ்வு அதிர்ந்து ஒலியை அனுப்புகிறது; பிறகு அதே சவ்வு எதிரொலியைக் கேட்கிறது. சேறோ பனிக்கட்டியோ ஒட்டினால் சவ்வின் அதிர்வு மாறிவிடும். எதிரில் ஒன்றுமே இல்லாதபோதும் 'பீப்' சத்தம் தொடர்ந்து வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பொட்டு.

லேசர் கதிர்களால் தூரத்தை அளக்கும் லைடார், விலை உயர்ந்த சில கார்களிலும் ஓட்டுநரில்லா வண்டிகளிலும் இருக்கிறது. மூடுபனித் திவலைகளும் முன்னால் போகும் லாரி கிளப்பும் நீர்த்தூவலும் அதன் ஒளியைச் சிதறடித்து, இல்லாத பொருள் இருப்பதுபோல் காட்டக்கூடும்.

காப்பீடு கலையும் நேரம்

ஒன்று தவறினால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதற்காகத்தான் ஒரே வண்டியில் பல வகைச் சென்சார்களை வைக்கிறார்கள். எதிர்வெயில் கேமராவைக் கூசச் செய்தாலும் ரேடாருக்கு ஒன்றும் ஆகாது. ரேடாரால் இன்னதென்று பிரித்தறிய முடியாத பொருளைக் கேமரா அடையாளம் காணும். இவை வெவ்வேறு நேரங்களில்தான் தவறும் என்பது இதன் அடிப்படைக் கணக்கு. மழையும் பனியும் அந்தக் கணக்கையே கலைக்கின்றன. ரேடாரின் மேல் நீர்ப்படலம், கேமராவின் முன் வழியும் நீர், பம்பரில் சேறு என்று எல்லாம் ஒரே வேளையில் வந்து சேர்கின்றன. சாலை வழுக்குவதும் ஓட்டுநரின் பார்வை குறைவதும் அதே வேளையில்தான்.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2021-ல் வெளியிட்ட சோதனை முடிவுகள் இதைக் காட்டுகின்றன. ஓடும் காரின் முன்கண்ணாடியில் தண்ணீரைத் தெளித்து, செயற்கை மழையில் சோதித்தார்கள். நின்றிருந்த வண்டி ஒன்றை நோக்கி மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனபோது, தானியங்கி பிரேக் இருந்தும் 17 விழுக்காடு ஓட்டங்கள் மோதலில் முடிந்தன. வேகம் 56 கிலோமீட்டர் ஆனபோது அது 33 விழுக்காடு ஆயிற்று. தடம் காக்கும் வசதி இருந்தும் 69 விழுக்காடு நேரங்களில் கார் கோட்டைத் தாண்டியது. பூச்சியும் மண்ணும் ஒட்டிய முன்கண்ணாடியோடும் சோதித்தார்கள்; அது செயல்பாட்டைக் கெடுக்கவில்லை. முன்பக்கக் கேமராவுக்கு ஓடும் நீர்தான் பெரிய எதிரி என்று இதிலிருந்து கொள்ளலாம்.

தன் பார்வை மறைந்ததை வண்டி எப்படி அறிகிறது? சாலையில் போகும்போது ரேடாருக்குத் தடுப்புக் கம்பி, கம்பம், பிற வண்டிகள் என்று ஏதாவது தென்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நெடுநேரம் எதுவுமே தென்படவில்லை என்றால், முன்னால் ஏதோ மறைக்கிறது என்று முடிவு கட்டும். அதனால் பாலைவனம் போன்ற வெட்டவெளிச் சாலையில், ரேடார் சுத்தமாக இருந்தும் இந்த எச்சரிக்கை வரலாம். இதன் மறுபக்கம்தான் கவலைக்குரியது. அரைகுறை அழுக்கில் பார்வைத் தொலைவு மட்டும் சுருங்கும். எச்சரிக்கை உடனே வராது.

சூடு, நீர், காற்று

கார் தயாரிப்பாளர்களுக்கு இது முற்றிலும் புதிய தலைவலி அல்ல. சுவீடனின் சாப் நிறுவனம் 1970-லேயே ஹெட்லைட்டுகளுக்கு வைப்பர் பொருத்தியது. சென்சார்களைச் சுத்தமாக வைக்கவும் பழைய வழிகளே கைகொடுக்கின்றன.

குளிர்நாட்டு வண்டிகள் பலவற்றில் ரேடார் மூடிக்குள் மெல்லிய மின்கம்பி ஓடுகிறது. அது சூடேறிப் பனியை உருக்குகிறது. நிஸான் தன் 2013 ஆல்டிமா காரில் பின்பக்கக் கேமராவை முதலில் நீரால் கழுவி, பிறகு காற்றை ஊதித் துளிகளை விரட்டியது. வேமோவின் ஓட்டுநரில்லா கார்களில் லைடார்களுக்கென்றே குட்டி வைப்பர்கள் உண்டு. ஃபோர்டு பொறியாளர்கள் பூச்சிகளைச் சென்சார்மீது வீசி அடிக்கும் ஒரு கருவியையே செய்து சோதித்தார்கள். கேமராவின் முன் வேகமாகக் காற்றைச் செலுத்தினால் பூச்சிகள் பலவும் மோதுமுன்பே விலகிப்போயின, மிஞ்சியவற்றுக்கு நீர்த்தெளிப்பு. வால்வோவோ இரண்டாம் தலைமுறை எக்ஸ்சி90-ல் ரேடாரையே முன்கண்ணாடிக்குப் பின்னால், கேமராவோடு சேர்த்து வைத்துவிட்டது. அங்கே சேறு எட்டுவது அரிது. எட்டினாலும் வைப்பர் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

சாதாரண கார்களில் இத்தனை ஏற்பாடுகள் இல்லை. துடைப்பது நம் வேலை. உங்கள் வண்டியில் எந்தச் சென்சார் எங்கே இருக்கிறதென்று கையேட்டில் ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். மென்மையான துணியும் சோப்பு நீரும் போதும். சொரசொரப்பான துணியும் கரைப்பான்களும் லென்ஸைக் கீறும், மங்க வைக்கும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயைச் சென்சாருக்கு நேராக, மிக நெருக்கமாகப் பிடிக்க விடாதீர்கள். தேய்ந்த வைப்பர் ரப்பரை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். அது கேமராவுக்கும் சேர்த்துத்தான் துடைக்கிறது.

ஆயுதபூஜை முடிந்தால் ரேடாருக்கு முன்னால் தொங்கும் மாலையைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். பூவிலும் இலையிலும் நீர் இருக்கிறது. சின்னத்தில் பூசிய சந்தனத்தையும் துடைத்துவிடலாம். முன்கண்ணாடியில் கேமரா இருக்கும் பகுதியில் ஸ்டிக்கர் கூடாது. கூடுதலாகப் பொருத்தும் இரும்பு பம்பர் கார்டு ரேடாரை நிரந்தரமாகவே மறைத்துவிடும். பம்பருக்கு மறுபடி பெயின்ட் அடித்தாலோ முன்கண்ணாடியை மாற்றினாலோ, சென்சாரைச் சரிபார்த்துத் திரும்ப அளவமைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஓடும்போதே எச்சரிக்கை வந்தால் வேகத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டுங்கள். தூரம் பார்த்து ஓடும் குரூஸ் கன்ட்ரோல் நின்றுபோனால், சில வண்டிகளில் சாதாரண குரூஸுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. மழையில் அதைத் தொடாதீர்கள். முன்னால் என்ன இருந்தாலும் அது வேகத்தைக் குறைக்காது. எச்சரிக்கை வராத மழையிலும் வண்டி முழுதாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பிரேக் மிதியின் பொறுப்பு அப்போதும் உங்கள் காலிடம்தான்.