பழைய ஜீப்புக்கு எந்த பெட்ரோல்?

விலை உயர்ந்த பெட்ரோல் போட்டால் பழைய ஜீப் பறக்குமா? பறக்காது. பணம்தான் பறக்கும்!

தாம்பரம் பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2-வது உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் என்ஜின், பெட்ரோல் கலந்த காற்றைச் சுமார் ஆறரை மடங்குதான் அழுத்தும். அழுத்தினாலும் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனே "ஆக்டேன்". அழுத்தம் குறைவு, ஆகவே சாதாரண பெட்ரோலே போதும்.

சூப்பர்சார்ஜர் மாட்டினால் கதை வேறு. அது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பம்ப். அழுத்தமும் சூடும் ஏறும். பெட்ரோல் கண்டபடி வெடிக்கும். "டக், டக்" என்று சத்தம் வரும். பிஸ்டனே ஓட்டையாகலாம்! அப்போதுதான் உயர்ந்த ஆக்டேன் தேவை. 1940-ல் பிரிட்டிஷ் போர் விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டது இதற்காகத்தான்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாயை அரிக்கும். மிச்சமாகும் பணத்தில் முதலில் அந்தக் குழாயை மாற்றுங்கள்!