குறைப்பிரசவம்: மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

37 வாரம் நிறைவுறுமுன் நிகழும் பிறப்பே குறைப்பிரசவம் என்பது மருத்துவ வரையறை. தமிழ் வழக்கோ மாதத்தால் எண்ணுகிறது. 'பத்து மாதம் சுமந்தாள்' என்பதில் மாதம் 28 நாளாயின் 280 நாள், அதாவது 40 வாரம், பிழையின்றிப் பொருந்துகிறது. நாட்காட்டியில் அதுவே ஒன்பது மாதமும் சில நாள்களும் ஆகும். ஆகவே 'எட்டாம் மாதம்' எனத் தாய் கூறுவது 29ஆம் வாரத்தையும் சுட்டலாம். 34ஆம் வாரத்தையும் சுட்டலாம்.

இவ்விடைவெளி சிறிதன்று. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் கருவின் நுரையீரலில் போதிய அளவு சுரப்பது ஏறத்தாழ 34ஆம் வாரத்தை ஒட்டியே. முன்கூட்டியே வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி இட்டால் குழந்தையின் மூச்சுத் திணறல் குறையும் என்பதை நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அது பெரிதும் பயன்படுவது 34 வாரத்துக்கு முன்னரே. கருவின் வயது தெரியாதவிடத்து ஊசி இடுவதா என்பதே ஐயமாகிவிடுகிறது.

பல குறைப்பிரசவங்களுக்குக் காரணம் புலப்படுவதேயில்லை. எனினும் சிறுநீர்த் தொற்றுக்கு உடனடி மருத்துவம், புகை தவிர்த்தல், மகப்பேறுகளுக்கிடையே போதிய இடைவெளி, கருப்பை வாயின் நீளம் குறைந்தோர்க்குப் புரோஜெஸ்டிரோன் ஆகியன இடரைக் குறைக்கும். அந்நீளத்தை அளப்பதும் 24 வாரத்துக்குள் என்பதால் ஈண்டும் வாரக் கணக்கே வேண்டும்.

முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் கருவின் வயதை ஏறத்தாழ ஒரு வாரப் பிழைக்குள் தந்துவிடும். கள ஆய்வுக்கு வினாப்படிவம் வகுப்போர், தாயின் நினைவிலுள்ள மாதத்தினும் அவ்வறிக்கையிலுள்ள வாரத்தைக் குறித்துக்கொள்வது நன்று.