கார்டும் மிஷினும் என்ன பேசிக்கொள்கின்றன?

திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் பாரிஸ் பக்கம், மகள் அமெரிக்காவில் நியூஜெர்சி. மகளின் பிரசவத்துக்காக அவரும் அவர் துணைவியாரும் புறப்பட்டு, வழியில் மகன் வீட்டிலும் தங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி அவர் கேள்வி: "பாரிஸில் மளிகைக் கடையில் கார்டைச் செருகினால் பின் நம்பர் கேட்டது. அதே கார்டை நியூஜெர்சி கடையில் செருகினேன், ஒன்றும் கேட்கவில்லை. பணம் போய்விட்டது, பில்லும் வந்துவிட்டது. நியூஜெர்சிக்கு வெளியே பெட்ரோல் போட்ட இடத்தில் ஏதோ ஐந்து இலக்க எண் கேட்டது. என்ன அடித்தும் ஏற்கவில்லை. கார்டில் கோளாறா, வங்கியில் கோளாறா?"

இரண்டிலும் கோளாறு இல்லை, ஐயா. மூன்று இடத்திலும் அந்தக் கார்டு தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கார்டு வாங்குவது எப்படி, தேய்ப்பது எப்படி என்பதெல்லாம் இன்று பழநி பஸ் ஸ்டாண்டில் பூ விற்பவருக்கும் தெரியும். நேராக உள்ளே போய்விடலாம்.

கார்டின் முதுகில் ஓடுகிற கறுப்புப் பட்டைதான் மூத்தது. 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம் பொறியாளர் பாரஸ்ட் பாரி காந்த நாடாவைப் பிளாஸ்டிக்கில் ஒட்ட முடியாமல் தவித்தபோது, துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி அந்த இஸ்திரிப் பெட்டியாலேயே ஒட்டிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டையில் இருப்பது கார்டு எண், பெயர், காலாவதித் தேதி, இன்னும் சில குறியீடுகள். எப்போது படித்தாலும் அதே எழுத்து. அங்கேதான் அதன் பலவீனம்.

என் சித்தப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அதே திண்டுக்கல் பூட்டுதான். சாவியை யாரிடமும் ஒரு நிமிடம்கூடக் கையில் கொடுக்காதே என்பார். பல்லின் வெட்டைக் கண்ணால் பார்த்துவிட்டாலே கைதேர்ந்தவன் அரம் வைத்து ராவி இன்னொன்று செய்துவிடுவான். காந்தப் பட்டை அப்படிப்பட்ட சாவி. படிக்கிற எந்தக் கருவிக்கும் தன் பல்லைக் காட்டிவிடுகிறது. சிப் வேறு மாதிரி. ஒவ்வொரு முறை திறந்ததும் பல்லின் வெட்டைத் தானே மாற்றிக்கொள்கிற சாவியை நினைத்துப் பாருங்கள். நேற்றைய வெட்டைத் திருடியவனுக்கு இன்று அது வெறும் இரும்புத் துண்டு.

இது எப்படி நடக்கிறது? கார்டின் முகத்தில் நாம் பார்க்கிற தங்க நிறச் சதுரம் மின் தொடர்புக்கான தகடு மட்டும்தான். சிப் அதன் அடியில் இருக்கிறது. அது ஒரு முழுக் கணினி. பேட்டரி கிடையாது, மிஷினில் செருகியதும் மிஷின் தரும் மின்சாரத்தில் கண் விழிக்கும். மிஷின் அதனிடம் தொகையைச் சொல்லும், நாணயத்தைச் சொல்லும் (உலகம் முழுக்க ரூபாய்க்கு 356, யூரோவுக்கு 978), தேதியைச் சொல்லும், அந்த நொடியில் உருவாக்கிய ஒரு தற்செயல் எண்ணையும் சொல்லும். சிப் இவற்றோடு தன்னிடம் உள்ள ரகசியச் சாவியையும், இது எத்தனையாவது பரிமாற்றம் என்ற தன் சொந்தக் கணக்கையும் சேர்த்து ஒரு விடை தரும். வங்கி தன் பக்கத்திலும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். அடுத்த முறை விடை வேறு. ரகசியச் சாவி ஒருபோதும் சிப்பை விட்டு வெளியே வருவதில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம். 2016 அக்டோபரில், ஏடிஎம் பரிமாற்றங்களைக் கையாளும் ஒரு நிறுவனத்தின் கணினிகளில் தீநிரல் புகுந்ததால், இந்தியாவில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் கசிந்திருக்கக்கூடும் என்று வங்கிகள் எச்சரித்தன. கார்டுக்குரியவர் இங்கே வீட்டில் இருக்க, அவர் பணம் சீனாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டதாகப் புகார்கள் வந்தன. பட்டையை நகல் எடுத்தவனுக்குக் கார்டே தேவையில்லை. பட்டை மட்டும் உள்ள கார்டுகளை எல்லாம் 2018 டிசம்பர் 31க்குள் சிப் கார்டாக மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி முன்பே கெடு வைத்திருந்தது பட்டையின் இந்தப் பலவீனத்தால்தான்.

சிப் கார்டின் தாயகங்களில் முதன்மையானது பிரான்ஸ். ரோலான் மொரேனோ என்பவர் 1974இல் அங்கே காப்புரிமை பெற்றார். சிப்பை விரலில் போடும் மோதிரத்தில் பதிக்கலாம் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். 1992க்குள் பிரான்ஸின் வங்கிக் கார்டுகள் எல்லாம் சிப்புக்கு வந்துவிட்டன. அமெரிக்காவோ 2015 அக்டோபர் வரை பெரும்பாலும் பட்டையோடுதான் இருந்தது. காரணம் அறிவியல் அறிவில் இல்லை, டெலிபோன் பில்லில் இருக்கிறது. ஒவ்வொரு விற்பனைக்கும் கடையிலிருந்து வங்கிக்குத் தொலைபேசி வழியாகக் கேட்பது ஐரோப்பாவில் செலவு, அமெரிக்காவில் மலிவு. மலிவாகக் கேட்க முடிந்தவர்கள் எல்லாவற்றையும் வங்கியிடமே கேட்டார்கள். மற்றவர்கள், கேட்காமலே முடிவெடுக்கத் தெரிந்த கார்டைச் செய்தார்கள். பின் நம்பரைக்கூட வங்கியைக் கேட்காமல் கார்டே சரிபார்க்கும்!

இனி எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு விடையும் இங்கேதான்.

கார்டைத் தயாரிக்கும்போதே வங்கி அதன் சிப்புக்குள் ஒரு பட்டியலை எழுதிவிடுகிறது. கார்டை நீட்டுபவர் அதற்குரியவர்தானா என்று எப்படி எப்படியெல்லாம் சோதிக்கலாம் என்ற பட்டியல் அது, முன்னுரிமை வரிசையில். பின் நம்பரை வங்கிக்கு அனுப்பிச் சரிபார்ப்பது ஒரு வழி. சிப்பே சரிபார்ப்பது இன்னொரு வழி. கையெழுத்து வாங்குவது மற்றொன்று. எதுவுமே கேட்காமல் விடுவதும் அந்தப் பட்டியலில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட வழிதான். கடை மிஷினிலும் தன்னால் எதெல்லாம் முடியும் என்ற பட்டியல் உண்டு. கார்டைச் செருகியதும் மிஷின் கார்டின் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வரும். தன்னால் முடிகிற முதல் வழி எங்கே கிடைக்கிறதோ அங்கே நின்றுவிடும். ஆக, பாரிஸ் மிஷின் பின் நம்பரில் நின்றது. நியூஜெர்சி மிஷின் எதுவும் கேட்காத வழியில் போய் நின்றது. கார்டு ஒன்றுதான், பட்டியலும் ஒன்றுதான். எதிரில் இருந்த மிஷின்தான் வேறு.

அமெரிக்காவில் கையெழுத்தைக்கூட 2018 ஏப்ரலில் பெரிய கார்டு நிறுவனங்கள் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. கிரெடிட் கார்டு மோசடியில் வாடிக்கையாளர் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது என்று அங்கே 1970களிலிருந்தே சட்டம் இருக்கிறது. நட்டம் பெரும்பாலும் வங்கிக்கும் கடைக்கும்தான். பெட்ரோல் பம்ப் கேட்ட ஐந்து இலக்கம், கார்டுக்குரியவரின் அமெரிக்கத் தபால் எண். நம் ஆறு இலக்கப் பின்கோடு அதில் அடங்காது. உள்ளே கவுண்ட்டரில் போய் இத்தனை டாலருக்கு என்று முன்பணம் கட்டிவிட்டு வந்து நிரப்பிக்கொள்வதே வழி.

இதே பட்டியல் முறை ஆளில்லாத இடங்களில் எதிர்த் திசையில் இடிக்கும். ஐரோப்பிய ரயில் நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்துக்குக் கையெழுத்தைப் பார்க்கக் கண் கிடையாது. கையெழுத்தை மட்டுமே நம்பிய கார்டுகளோடு போன அமெரிக்கப் பயணிகள் அந்த இயந்திரங்களின் முன்னால் பல ஆண்டுகள் விழித்துக்கொண்டு நின்றார்கள். நம் ஊர்க் கார்டுகள் பின் நம்பரோடு பிறந்தவை என்பதால் இந்த விஷயத்தில் நாம் தேவலை.

சிப்பே பின் நம்பரைச் சரிபார்க்கும் கார்டுகளில் இன்னொரு விநோதம் உண்டு. எண் இரண்டு இடத்தில் இருக்கிறது: வங்கியின் கணினியில் ஒன்று, சிப்புக்குள் ஒன்று. செல்போனில் வங்கிச் செயலி வழியாக நீங்கள் எண்ணை மாற்றினால் வங்கியில் மாறிவிடும். சிப்புக்குள் பழைய எண்ணே இருக்கும். கார்டை ஏடிஎம்மில் செருகி, வங்கியிடமிருந்து சிப்புக்குத் தகவல் போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டும் ஒன்றாகும். புது எண்ணோடு விமானம் ஏறுபவர் ஒருமுறை உள்ளூர் ஏடிஎம்மில் அதைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கார்டும் மிஷினும் நடத்தும் இந்தப் பேச்சில் ஓர் ஓட்டையும் இருந்தது. 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மர்டாக், ராஸ் ஆண்டர்சன் குழுவினர் அதைக் கண்டு வெளியிட்டார்கள். கார்டுக்கும் மிஷினுக்கும் நடுவே ஒரு கருவியைப் புகுத்தினார்கள். எந்த எண்ணை அடித்தாலும் அது மிஷினிடம் "பின் நம்பர் சரி என்று கார்டு சொல்லிவிட்டது" என்று சொல்லும். கார்டோ, மிஷின் கையெழுத்து வாங்கிக்கொண்டது என்று எண்ணிக்கொள்ளும். இரண்டு தரப்பும் தாம் நம்பியதை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இது ஆய்வகத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே பிரான்ஸில் திருடப்பட்ட சுமார் 40 கார்டுகளின் மேல் இரண்டாவது சிப் ஒன்றை நுணுக்கமாக ஒட்டி, ஒரு கூட்டம் பெல்ஜியத்தில் ஏறத்தாழ 6 லட்சம் யூரோ வரை பொருள் வாங்கியது. பிறகு அந்த ஓட்டைக்கு எதிரான சோதனைகள் வந்தன. பின் நம்பரை வங்கிக்கே அனுப்பிச் சரிபார்க்கும் முறையில் இந்தத் தந்திரம் பலிக்காது.

எத்தனை பேர் எத்தனை ஆண்டு மூளையைக் கசக்கிக் காத்த எண் அது! அதை நாம் என்ன செய்கிறோம் என்று நினைக்கும்போதுதான் மனசு ஆறுவதில்லை.

ஒட்டன்சத்திரத்திலோ திண்டுக்கல்லிலோ ஒரு ஜவுளிக்கடைக் கல்லாவில் நின்று பாருங்கள். "சார், நம்பரைச் சொல்லுங்க" என்பார் தம்பி. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, நாமும் உரக்கச் சொல்வோம். அவர் அடித்துக்கொள்வார். பெட்ரோல் பங்கிலும் ஆஸ்பத்திரி பில் கவுண்ட்டரிலும் இதே கதைதான். அந்தத் தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் முடியட்டும் என்று உதவி செய்கிறார். ஆனால் காதில் விழுந்த மற்றவர்கள்? பாரிஸ் உணவகத்தில் பரிமாறுபவர் மிஷினை மேஜைக்கே கொண்டுவந்து நம் கையில் தந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த மரியாதை நமக்கும் தெரியாததில்லை. பழக்கப்படுத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான்கு இலக்கம் என்ற வழக்கத்துக்கு நம் நாட்டோடு ஒரு சிறு தொடர்பு உண்டு. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்பீல்டில் திறக்கப்பட்ட பணம் தரும் இயந்திரத்தை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பேரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்கம் வைக்க நினைத்திருந்தார். என்னால் நான்குதான் நினைவு வைக்க முடியும் என்றார் அவர் மனைவி. நான்காயிற்று. மனசில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்காகக் குறைத்த எண் அது. நாம் அதைக் கார்டு உறையின் பின்னால் பேனாவால் எழுதி வைக்கிறோம். பென்ஷன் எடுக்க வருகிற பெரியவர்கள், ஏடிஎம்மில் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம் கார்டையும் எண்ணையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அவன் வேறொரு கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ஓய்வதே இல்லை. இதில் குற்றம் பெரியவர்கள் மேல் இல்லை. கார்டை வீட்டுக்கு அனுப்பிவைத்த வங்கியும், வெளிநாட்டிலிருந்து பணம் மட்டும் அனுப்புகிற பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

சட்டமும் இந்த இடத்தில் கறாராக இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கி மேலும் நம் மேலும் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நட்டமில்லை. பின் நம்பரை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க நம் தலையில்தான்.

வெளிநாடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 2020 அக்டோபர் 1 முதல் புதிதாக வரும் எந்தக் கார்டும் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும்படிதான் வருகிறது. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். செயலியில் அதற்கென்று பொத்தான் இருக்கிறது. விமானம் ஏறும் முன் திறந்துவிடுங்கள், ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள். ஓடிபி கட்டாயம் எல்லா நாட்டிலும் இல்லை. வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் கார்டு எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் இருந்தாலே பணம் போய்விடும். மூடாமல் விட்ட கார்டு தொப்பம்பட்டியில் பீரோவுக்குள் இருந்தாலும் திறந்தே கிடக்கிறது.

மலேசியாவில் 2017 முதல் கையெழுத்து போய்ப் பின் நம்பர் வந்துவிட்டது. அங்கே உள்ளவர்களுக்கு ஆறு இலக்கம். நாம் நம் நான்கை அடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும்.

"ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா?" என்று மிஷின் கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கடைப் பக்கத்து நிறுவனம் வைக்கும். அது பெரும்பாலும் நமக்குக் கூடுதல் செலவு. அந்தந்த நாட்டு நாணயத்தில் கட்டினாலும் நம் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும். 3.5 சதவீதம் என்று வையுங்கள். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 10,000 ரூபாய்ச் செலவுக்கு 413 ரூபாய். கட்டணம் குறைந்த கார்டுகளும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

நாளைக்கே பக்கத்துக் கடையில் தொடங்கலாம். "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டால், "மிஷினை இப்படிக் கொடுங்க தம்பி, நானே அடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ள நேரமானால் வரிசை கொஞ்சம் காத்திருக்கட்டும்.