மின்கம்பி வேலையைப் பார்க்கத் தெரிந்துகொள்வோம்

நெசவாளர் தாம் நெய்த புடவையை விரித்துக் காட்டினால், வாங்குபவர் முதலில் முகப்பைப் பார்ப்பார். பின்னர் புரட்டிப் பின்புறத்தையும் பார்ப்பார். இழை அறுந்து பிணைத்த இடமும் ஊடை தளர்ந்த இடமும் அப்போது தெரிந்துவிடும். உழவர் கொணரும் நெல்லையும் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்த பின்பே விலை பேசுகிறோம். ஆனால் நம் சங்கக் கட்டடங்களில் நடைபெறும் ஒரு வேலையை மட்டும் நாம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அதுவே மின்கம்பி வேலை. விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று கருதிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். கம்பி சுவருக்குள் மறைந்து, பூச்சும் காய்ந்த பிறகு அதன் குறையை விபத்தின் மூலமே அறிய நேர்கிறது. அவ்வாறு நேராதிருக்கச் சங்க அங்கத்தினர் எதைப் பார்த்தல் வேண்டும், எதைக் கேட்டல் வேண்டும் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

இதற்கு நல்ல வழிகாட்டிகள் தொழில் பயிலும் மாணவர்களே. 1950ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் நடைபெறுகின்றன. புதுச்சேரியில் மேட்டுப்பாளையத்திலும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. எலக்ட்ரீஷியன் தொழிலுக்குப் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். மாணவர் முதலில் கற்பது கம்பியோடு கம்பியை இணைப்பதாகும். பிரிட்டானியா ஜாயின்ட், மேரீட் ஜாயின்ட், வெஸ்டர்ன் யூனியன் ஜாயின்ட் என்று அவற்றிற்குப் பெயர்கள். பழைய பாவின் இழையோடு புதுப்பாவின் இழையை முறுக்கிப் பிணைக்கும் நெசவாளருக்கு இவ்வேலையின் நுட்பத்தை எடுத்துக் கூற வேண்டியதில்லை. அடுத்து, மரப்பலகையின்மீது குழாய் பொருத்திக் கம்பி இழுத்து, மாடிப்படி விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் ஏற்றி அணைக்கும் முறையைப் பயில்கின்றனர். பிறகு வருவது கிடங்கு வயரிங். உள்ளே நடந்து செல்லச் செல்ல, அடுத்த சுவிட்சைப் போட்டதும் முன்விளக்கு எரியும், பின்விளக்கு தானே அணையும். திரும்பி வரும்போது அதே வரிசை தலைகீழாக நடக்கும். நூல் கிடங்கும் உரக் கிடங்கும் வைத்திருக்கும் சங்கங்களுக்கு மின் செலவைக் குறைக்கும் ஏற்பாடு இது.

இப்பலகையை முடித்த மாணவர் ஆசிரியரையும் தோழரையும் அழைத்துக் காட்டாமல் இருப்பதில்லை. குழாய் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது என்பார். பெட்டியைத் திறந்து, கம்பிகள் நிறம் நிறமாகப் பிரிந்து வளைந்திருப்பதைக் காட்டுவார். இதைச் சிறுபிள்ளைப் பெருமை என்று சிலர் நகைக்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. திறந்து காட்ட விரும்புபவர், பிறர் கண்ணில் படும் என்று அறிந்தே வேலை செய்கிறார். மூடிவிட விரும்புபவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

நம் நகரோடு நெடுந்தொடர்புடைய பிரெஞ்சு நாட்டில் இப்பெருமைக்கே ஒரு மரபு உண்டு. தச்சர், கற்கொத்தர் முதலிய தொழிலாளர் ஊர்தோறும் சென்று தொழில் கற்று, முடிவில் தம் திறமைக்குச் சான்றாக ஒரு வேலையைச் செய்து மூத்த தொழிலாளர் முன் வைக்கின்றனர். இந்தக் கொம்பாஞ்ஞோன் மரபை 2010இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அதே நாட்டின் லியோன் நகரில் 2024 செப்டம்பரில் உலகத் திறன் போட்டி நடைபெற்றது. அதில் மின் அமைப்பு வேலையும் ஒரு போட்டியாகும். இளைஞர்கள் தமக்கு விடப்பட்ட சுவர்களில் குழாயும் பெட்டியும் பொருத்திக் கம்பி இணைத்து இயக்கிக் காட்டுகின்றனர். நடுவர்கள் அளவையும் மட்டத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்ப்பதோடு, மின்சாரம் பாயுமுன் சோதனைகள் முறைப்படி நடந்தனவா என்பதையும் பார்க்கின்றனர்.

அழகுக்கும் பாதுகாப்பிற்கும் தொடர்பு என்ன என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. வளைவு கூரியதாயிருந்தால் கம்பியை இழுக்கும்போது அதன் உறை கீறப்படும். குழாய்க்குள் இணைப்பு வைத்தால் அது தளர்வதை யாரும் காண முடியாது. ஆகவே இணைப்புகள் திறக்கத்தக்க பெட்டிகளிலேயே இருத்தல் வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடேறும். தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத்தூசி அதன்மீது படிந்தால் தீப்பற்ற வேறொன்றும் வேண்டியதில்லை. புதுச்சேரிக்கோ கடற்காற்றின் உப்பு மற்றொரு பகை. அது திருகுகளை அரித்து இணைப்பைத் தளர்த்துகிறது. நிறம் பிரித்து இடுவதும் அலங்காரத்திற்கன்று. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ் கம்பிகள், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். நிறம் மாறினால் சுவிட்ச் பேஸில் அமையாமல் நியூட்ரலில் அமைந்துவிடலாம். அப்போது சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஆயினும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்ற ஏறியவர் அணைந்த விளக்கை நம்பிக் கையை வைப்பார்.

இனி உயிர் காக்கும் பகுதிக்கு வருவோம். குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் கால்கள் ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அருகிலுள்ள இரும்பு மின்விசிறியின் உடலில் மின்கசிவு ஏற்பட்டு, அவர் கை அதைத் தொட்டால், மின்சாரம் அவர் உடல் வழியே நிலத்திற்குப் பாயும். வயல் கிணற்றடியில் ஈரக்கையோடு மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடும் உழவரின் நிலையும் அதுவே. எர்த் கம்பி முறையாக இருப்பின் கசிந்த மின்சாரம் மனித உடலை நாடாமல் அதன் வழியே இறங்கிவிடும். மூன்று முனைப் பிளக்கில் பெரிய முனை ஏன் நீளமாக இருக்கிறது? எர்த் முதலில் இணைந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே. அம்முனையை வெட்டிவிட்டு இரண்டு துளைகளில் செருகும் வழக்கத்தை நம்மவர் அடியோடு கைவிடுதல் வேண்டும்.

"எங்கள் சங்கத்தில் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறது; அபாயமில்லை" என்று கூறுவோர் பலர். அக்கருவி கம்பியைக் காப்பது, மனிதரைக் காப்பதன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைக் கடந்தாலன்றி இறங்காது. மனித இதயத்தை நிறுத்த அதில் மிகச் சிறு பகுதியே போதும். ஆர்.சி.சி.பி. எனப்படும் கருவியோ, பேஸில் செல்லும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆட்களைக் காப்பதற்கு அமைக்கும் வகையில், 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் 30 பங்கு, வழிதவறினாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் பொறுப்பை ஓர் ஊழியரிடம் ஒப்படைப்பது நலம். பம்பு வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க: மூன்று பேஸில் ஒன்று அற்றுப்போனால் மீதி இரண்டின்மீது பளு கூடி மோட்டாரின் சுருள் கருகும். அப்போது மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி ஸ்டார்ட்டரோடு இருக்கிறதா என்று கேட்டறிக.

கடைசியாக மெக்கர் சோதனை. மின்சாரத் தொடர்பு கொடுக்குமுன், கம்பிக்கும் நிலத்திற்கும் இடையே 500 வோல்ட் நேர் மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்திப் பார்க்கும்போது, தடை குறைந்தது 1 மெகோம் இருத்தல் வேண்டும் என்பது விதி. உறை கீறியிருந்தாலும், பெட்டியில் ஈரம் புகுந்திருந்தாலும் முள் இறங்கிக் காட்டிக் கொடுக்கும். படிப்பறிவு குறைந்த அங்கத்தினரும் இம்முள்ளைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இவற்றைச் சங்க நடைமுறையில் கொணர்வது கடினமன்று. வேலை ஒப்படைக்கும் தீர்மானத்திலேயே மூன்று நிபந்தனைகளைச் சேர்த்துவிடலாம். முதலாவது, பூச்சு வேலைக்கு முன் நிர்வாகக் குழுவினர் இருவர் குழாய்களையும் பெட்டிகளையும் நேரில் பார்த்துக் கையொப்பமிடுதல். இரண்டாவது, மெக்கர் அளவையும் எர்த் அளவையும் எழுதி வாங்கிக் கோப்பில் சேர்த்தல். மூன்றாவது, இவ்விரண்டும் முடியுமுன் இறுதித் தவணையைக் கொடாதிருத்தல். மிகக் குறைந்த விலைப்புள்ளி ஒன்றையே நோக்கி வேலையைக் கொடுத்துவிட்டு, எர்த் கம்பியையும் ஆர்.சி.சி.பி.யையும் செலவுக் குறைப்பு என்ற பெயரால் நீக்குவது சிக்கனமாகாது.

ஒன்றை மறத்தலாகாது. கம்பி அமைக்கும் வேலை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாகவும், தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வையிலும் நடத்தல் வேண்டும் என்பது சட்டம். ஆகவே பயிலும் மாணவரைத் தனியே வேலைக்கு விடுதல் தகாது. உரிமம் உடையவரின்கீழ் அவர் பணிபுரிய வந்தால், "தம்பி, நீ செய்ததைத் திறந்து காட்டு" என்று கேளுங்கள். அவர் மகிழ்வோடு காட்டுவார். எந்தப் பெட்டியில் எத்தனை இணைப்பு, எர்த் எங்கே இறங்குகிறது என்று ஒவ்வொன்றாய்க் கூறுவார். கேட்பவருக்கும் அன்றே பாதிப் பாடம் வந்துவிடும். காட்டத் தயங்குபவர் யாராயினும், அந்தப் பெட்டியைத் திறக்கச் செய்து பார்த்த பிறகே பட்டியலில் கையொப்பம் இடுக.