மாட்டை அதட்டும் முன் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்

வழக்கமான எருப்பாரத்துக்கே மாடு திணறுகிறதா? வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறதா? மாட்டை அதட்டும் முன் சக்கரத்தைப் பாருங்கள். டயர் வண்டியில் பேரிங் தேய்ந்தால் அந்தக் கூடுதல் சுமை மாட்டின் கழுத்தில்தான் விழும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் பாரத்தோடு நடுரோட்டில் சக்கரமே கழன்றுவிடும்.

மரச்சக்கரம் இருந்தவரை மசகு போடாமல் வண்டி கட்டமாட்டார்கள். டயர் வண்டியில் எல்லாம் ஹப்புக்குள் மறைந்திருப்பதால் அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. ஒவ்வொரு ஹப்பிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பேரிங் உண்டு. உருளைகள் கோத்த பகுதி அச்சில் இருக்கும். அது உருளுகிற கப் ஹப்பில் இறுகி உட்கார்ந்திருக்கும். உள்பக்க ஆயில் சீல் கிழிந்தால் சேற்றுத் தண்ணீர் நுழைந்து கிரீஸைக் கெடுக்கும். பேரிங் துருப்பிடிக்கத் தொடங்குவது அங்கேதான்.

சோதிப்பது எப்படி?

மாட்டை அவிழ்த்துவிடுங்கள். வண்டியின் முன்பக்கத்துக்கும் எதிர்ச் சக்கரத்துக்கும் முட்டுக்கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். அச்சுக்கு அடியில் கட்டை வைக்காமல் கை வைக்க வேண்டாம். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென ஆடினால் நட்டு தளர்ந்திருக்கலாம், பேரிங்கும் தேய்ந்திருக்கலாம். அடுத்து சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் சுற்றினால் நட்டைச் சரிசெய்தாலே போதும். கரகரவென அரைத்தால் பிரிக்கத்தான் வேண்டும். பயணம் முடிந்ததும் ஒரு ஹப் மட்டும் கொதித்தாலும் அப்படித்தான்.

மாற்றுவது எப்படி?

மூடியைக் கழற்றி, பிளவு ஊசியை உருவி, நட்டை எடுத்தால் சக்கரம் ஹப்போடு வந்துவிடும். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பாருங்கள். உருளையிலோ கப்பிலோ குழி, துரு, சூடேறி நீலம் பாய்ந்த தடம் இருந்தால் மாற்றணும். உருளையை மட்டும் மாற்றிவிட்டு பழைய கப்பை விட்டுவைத்தால் புதுசும் சீக்கிரம் போய்விடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஆயில் சீலையும் புதுசாகப் போடுங்கள். பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோனால் அதே அளவில் வாங்கலாம்.

பழைய கப்பை உள்ளிருந்து மென்மையான பித்தளைக் கம்பியால் எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டினால் வெளியே வரும். புதுக் கப்பையும் அப்படியே கோணாமல் அடிவரை இறக்குங்கள். சுத்தியலால் நேரடியாக அடித்தால் விரிசல் விடும்.

உள்ளங்கையில் வீல் பேரிங் கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்துங்கள். மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை சுற்றிலும் நிரப்பணும். மேலே பூசினால் மட்டும் போதாது. ஹப்பின் குழியை முழுக்க அடைக்கவும் வேண்டாம், சூடேறும்.

சக்கரத்தை மாட்டி, சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றுவது கனத்ததும் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்றணும், ஆனால் ஆடக்கூடாது. அந்த இடத்தில் புதுப் பிளவு ஊசியைச் செருகி முனைகளை மடக்குங்கள். மரச்சக்கரத்துக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு அந்த ஊசி அப்படி. பழைய கம்பியை முறுக்கிவிட்டு ஓட்டவே கூடாது.

வெற்று வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் நட்டு இறுகியிருக்கிறது. இரண்டு மூன்று பாரம் அடித்தபின் ஆட்டம் இருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய கிரீஸையும் வரப்பில் கொட்டாதீர்கள். ரசாயனம் வேண்டாமென்று காப்பாற்றிய மண் அது. டப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்கு முன்னால் இரண்டு சக்கரத்தையும் பிரித்து கிரீஸ் மாற்றுங்கள். அச்சு முழுகும்படி வாய்க்காலில் இறக்கியிருந்தால் அறுவடைவரை காத்திருக்க வேண்டாம். உடனே பிரித்துப் பாருங்கள்.