தோல் ஒட்டிய பின்னர்தான் வீட்டாரின் வேலை ஆரம்பமாகிறது
எரிகாயத்துக்குள்ளான ஒருவரைக் குடும்பம் எப்படிப் பராமரிப்பது?

உருத்திரபுரம் போன்ற வயற்கிராமங்களில் நெருப்போடு புழங்காத நாள் கிடையாது. நெல் அவிக்கும் கிடாரம், முற்றத்து விறகடுப்பு, காணி துப்புரவாக்கும்போது மூட்டும் குப்பை, மின்சாரம் நின்றால் கைக்கு வரும் மண்ணெண்ணெய் விளக்கு என எல்லாவற்றிலும் ஆபத்து இருக்கிறது. போர் நடந்த மண் என்பதால் குப்பைக்கு வைத்த தீயில் வெடிபொருள் வெடித்துக் காயப்பட்டவர்களும் வன்னியில் இருக்கிறார்கள்.

எரிகாயம் தோலின் மேற்பகுதியோடு நின்றால் இரண்டு, மூன்று வாரங்களில் ஆறிவிடும். ஆழமாக எரிந்த இடத்தில் புதிய தோல் தானாக வளராது. அங்கே இறந்த தோலை அகற்றி, உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த தோலை ஒட்டவேண்டும். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் முதற் சிகிச்சை பெறுபவர்களில் கடுமையாக எரிந்தவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ அனுப்பப்படலாம். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பணம் இல்லை. ஆனால் பஸ் செலவு, கூட நிற்பவர் இழக்கும் நாட்கூலி, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் என்பவை குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. ஆகவே யார் வைத்தியசாலையில் நிற்பது, யார் வீட்டைப் பார்ப்பது என்பதை முதல் நாளிலேயே இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வது நல்லது. ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் இரண்டாவது மாதத்தில் அவரும் படுத்துவிடுவார்.

சத்திரசிகிச்சையில் நடப்பது என்ன?

பெரும்பாலும் தொடையிலிருந்து தோலின் மேற்படை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுக்கப்படுகிறது. காயம் பெரிதென்றால் அந்தத் தோலில் சிறு கீறல்கள் போட்டு, வலை போல விரித்து ஒட்டுவார்கள். ஆறிய பின்னரும் அந்த வலை அடையாளம் தெரியும். முகம், விரல் போன்ற சிறிய, முக்கியமான இடங்களுக்குத் தோலின் முழுத்தடிப்பையும் எடுத்து ஒட்டுவதுண்டு.

ஒட்டிய தோலுக்கு முதல் இரண்டு நாட்களும் சொந்த இரத்தோட்டம் இல்லை. காயத்தில் ஊறும் நீர்தான் அதற்கு உணவு. அதன் பின்னரே அடியிலிருந்து நுண்குழாய்கள் வந்து இணைகின்றன. ஏறத்தாழ ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்து, தோல் பிடித்திருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார். அதுவரை ஒட்டிய இடம் அசையக்கூடாது. 'கட்டு ஈரமாக இருக்கிறது' என்று வீட்டார் அவிழ்த்துப் பார்ப்பதும், கையை இழுத்து எழுப்புவதும் தோலை நழுவச் செய்துவிடும். காலில் ஒட்டியிருந்தால் காலை உயர்த்தியே வைக்கவேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, தோல் எடுத்த தொடை ஒட்டிய இடத்தைவிடக் கூடுதலாக வலிக்கும் என்பது. அது ஆற 10 முதல் 14 நாட்கள் செல்லும். அங்கே ஒட்டிப்பிடித்திருக்கும் துணியைப் பிய்க்கக்கூடாது. ஆற ஆற அது தானாகக் கழன்று வரும்.

கிரந்தி என்று ஒதுக்கவேண்டாம்

எங்கள் ஊர்களில் காயம் என்றதும் பத்தியம் ஆரம்பித்துவிடும். 'முட்டை கிரந்தி, மீன் கிரந்தி, புண் சீழ் வைக்கும்' என்று சோறும் ரசமும் மட்டும் கொடுப்பார்கள். எரிகாயக்காரருக்கு இது பெரும் கேடு. புதிய தோல் உருவாகப் புரதம் வேண்டும். பெரிய எரிகாயம் உள்ளவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை நாளாந்தம் தேவைப்படும். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு அது 75 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் அளவுதான். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு உண்டு. ஆகவே முட்டை, மீன், அவித்த பயறு, கடலை, பால் எல்லாம் தினமும் தட்டில் இருக்கவேண்டும். உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள உணவை மட்டும் விலக்குங்கள். சலரோகமோ சிறுநீரக நோயோ இருந்தால் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். புகைப்பவர் நிறுத்தவேண்டும். புகை இரத்தோட்டத்தைக் குறைத்து ஒட்டிய தோலைப் பாதிக்கும்.

சுகமான நிலையே முடமாக்கும் நிலை

வீடு வந்த பின்னர் நடக்கும் மிகப்பெரிய தவறு இரக்கத்தினால் நடக்கிறது. ஆறும் காயம் சுருங்கும் இயல்புடையது. நோயாளி வலிக்குப் பயந்து கையை மடக்கி, முழங்காலை மடித்து, கழுத்தைக் குனிந்து கிடப்பார். வீட்டாரும் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, 'பாவம், கிடக்கட்டும்' என்று விடுவார்கள். சில வாரங்களில் தழும்பு இறுகி, மூட்டு அப்படியே நின்றுவிடும். பிறகு அதை விடுவிக்க இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படும்.

கழுத்தின் முன்பக்கம் எரிந்திருந்தால் தலையணை வேண்டாம். அக்குள் எரிந்திருந்தால் கையை உடலோடு ஒட்டவிடாமல் பக்கவாட்டில் நீட்டி வைக்கவேண்டும். முழங்கையும் முழங்காலும் நேராக இருக்கட்டும். விரல்களுக்குத் தரும் தாங்கியைச் சொன்ன நேரமெல்லாம் கட்டவேண்டும். தோல் பிடித்துவிட்டது என்று வைத்தியர் சொன்ன பின்னர், இயன்மருத்துவர் காட்டிய பயிற்சியை நாளில் பலமுறை செய்விக்கவேண்டும். வலிமாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்னர் கொடுக்கலாமா என்று கேட்டுவையுங்கள். சோறு குழைப்பது, தலை வாருவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் பயிற்சிதான். அவரால் முடிந்ததை நீங்கள் செய்துகொடுக்காதீர்கள்.

இரண்டு வருடம் வரை நீளும் பராமரிப்பு

காயம் மூடிய பின்னர் தழும்பு சிவந்து தடிக்கத் தொடங்கும். 'சுகமாகிவிட்டது, இப்ப ஏன் மோசமாகிறது?' என்று பயப்படவேண்டாம். தழும்பு அடங்க ஒரு வருடம் முதல் இரண்டு வருடங்கள் செல்லும். இறுக்கமான அழுத்த உடை தந்தால் குளிக்கும் நேரம் தவிர்ந்த நாள் முழுவதும், ஏறத்தாழ 23 மணித்தியாலம், அணியவேண்டும். வன்னி வெயிலில் இது எளிதல்ல. இரண்டு சோடி இருந்தால் ஒன்றைக் கழுவி நிழலில் உலர்த்தும்போது மற்றதைப் போடலாம்.

மெல்லிய தோல் ஒட்டிய இடத்தில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் இருக்காது. தினமும் இரண்டு மூன்று தடவை வாசனையற்ற களிம்பு பூசி மெதுவாகத் தடவுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். அரிப்புத் தாங்காவிட்டால் சொறியாமல் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். வயலுக்குப் போனால் நீளக்கைச் சட்டையும் குடையும் அவசியம். உடலின் பெரும்பகுதியில் தோல் ஒட்டியவருக்கு உடல் வெப்பம் எளிதில் ஏறும் என்பதால் உச்சி வெயில் வேலை கூடாது.

காய்ச்சல், கெட்ட மணம், சீழ், ஒட்டிய தோல் கறுத்தல் அல்லது நழுவுதல் தென்பட்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

மனக்காயம்

இரவில் திடுக்கிட்டு எழுவது, அடுப்படிப் பக்கம் போக மறுப்பது, கண்ணாடியைத் தவிர்ப்பது எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. பார்க்க வருபவர்கள் 'ஐயோ, முகம் இப்படியாப் போச்சே' என்று அழுவதை வீட்டார் வாசலிலேயே தடுக்கவேண்டும். பிள்ளை என்றால் பாடசாலைக்குத் திரும்புமுன் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். தீயை ஒருவர் தானே வைத்துக்கொண்டதாக இருந்தால் குற்றம் சாட்டாமல், தனியே விடாமல், மனநல வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

முதல் 20 நிமிடம்

எரிந்தவுடன் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காயத்தைக் குளிர்வியுங்கள். பற்பசை, கோப்பித்தூள், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, சுத்தமான துணியால் மூடி, 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

தடுக்கவும் முடியும். சரியும் போத்தல் விளக்குகளால் எரிந்து வந்தவர்களைப் பார்த்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, பக்கம் தட்டையான, திருகுமூடி போட்ட விளக்கொன்றை வடிவமைத்தார். விழுந்தாலும் அது உருளாது, எண்ணெயும் சிந்தாது. மாமைற் போத்தலின் வடிவமே அவருக்கு யோசனை தந்தது. 1998இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. உங்கள் வீட்டில் இன்னும் ஒல்லியான போத்தலில் திரி போட்ட விளக்கு இருந்தால், இன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள்.